மாப்பிள்ளை வாட்சும் என் வாட்சும்

துபாய்க்கு வந்து எத்தனையோ பழகிவிட்டது, ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. இங்கே போலி விற்பவன் போலி என்று சொல்லியே விற்கிறான். சந்தைப் பக்கம் போனால் பின்னாலேயே வந்து, "காப்பி வாட்ச், பிரதர், காப்பி வாட்ச்" என்கிறான். எங்கள் ஊர்ப் பக்கம் பதுளைக் கடைவீதியில் ஒருவன் இப்படிச் சொன்னால் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்போம். எனக்கு வேறு சந்தேகம். பெரிய கம்பெனிப் பெயர் போட்டு, தங்கமாய் மின்னுகிற சாமான் இவ்வளவு மலிவாகக் கிடைத்தால், திருட்டு மாலாக இருக்குமோ? "நிச்சயமாகப் போலிதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சரக்கைக் குறை சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, "மாஸ்டர் காப்பி, நம்பர் ஒன்" என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தான். வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போகிறேன், சபையில் வெறுங்கையோடு நிற்பானேன் என்றுதான்.

எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்ட வேண்டும். அதற்கென்று நல்ல கடையில், கேரண்டி அட்டையோடு, அடக்கமான ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். என் சக்திக்கு அது பெரிய விலை. நமுனுகுலவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கட்டப்போன வாட்சை மாப்பிள்ளையின் மாமா பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"நீங்க தங்கத்துல கட்டிக்கிட்டு, எங்க பையனுக்கு இதுவா தம்பி?"

"ஐயோ மாமா, இது டுப்ளிகேட்டுங்க. அதுதான் ஒரிஜினல்."

"வெளிநாட்டுலருந்து வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. கண் பட்டுவிடும், நாலு பேர் கை நீட்டுவார்கள் என்று பயந்து, அசல் தங்கத்தையே கவரிங் என்று சொல்லிக்கொண்டு தோட்டத்தில் வந்து இறங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தாம்பூலத் தட்டு மாறாமல் நடுவில் கிடந்தது. கதவிடுக்கில் தங்கச்சி கலாவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். என் கையிலிருந்ததைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கட்டினேன். மாமா சிரித்தார், தட்டு மாறியது. இது போலிதான் என்று இன்னொரு தடவையும் உரக்கச் சொன்னேன். "மச்சானுக்குக் குடுக்க மனசே வரல" என்று யாரோ சொல்ல, சபையே சிரித்தது.

எல்லோரும் போனபின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லுடா. அங்க வீடு கீடு வாங்கிட்டியா?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போனை எடுத்து நான் தூங்கும் இடத்தைக் காட்டினேன். கம்பெனி அறை, அடுக்குக் கட்டில், மேல்தட்டில் என் போர்வை.

அம்மா உற்றுப் பார்த்தாள். "பாவம், யாரோட ரூமுடா இது?"

"என்னோடதும்மா."

அவள் எழுந்துபோய் வீட்டிலிருந்த பாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தாள்.

"கொஞ்சம் சாஞ்சுக்க. மெத்தையில படுத்துப் பழகின ஒடம்பு" என்றாள்.