அழிக்காமல் அனுப்பியவர்

கிரானைட் வியாபாரத்துக்காக அடிக்கடி வெளிநாடு போகிறவன் நான். அதைக் கேள்விப்பட்டுத்தான் இலுப்பூர் சாலையில் இருக்கும் என் பட்டறைக்கு அந்தப் பெண் வந்தார். கண்களுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. என்னைப் போன்ற பயணிகளுக்காக ஒரு மொபைல் காலண்டரை வடிவமைப்பதாகச் சொன்னார். போனை நீட்டும் முன் ஒவ்வொரு முறையும் துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தார்.

"துபாய்ல எறங்கிட்டீங்க. சாயங்காலம் ஒரு மீட்டிங். எத்தனை மணிக்குன்னு இதைப் பாத்துச் சொல்லுங்க. நீங்க பாத்துச் சொல்றத அப்படியே வீடியோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பணும். இந்தத் தடவையும் சரிவரலைன்னா என் வேலை போயிரும் சார்."

திரையில் நம் ஊர் நேரமும் துபாய் நேரமும் அடுத்தடுத்து இருந்தன. கண்ணில் முதலில் பட்டதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னது நம் ஊர் நேரம். அதை நம்பிப் போயிருந்தால் மீட்டிங்கே முடிந்திருக்கும்.

"அந்த வீடியோவ அழிச்சிருங்கம்மா. திரும்ப எடுங்க, சரியாச் சொல்றேன்" என்றேன்.

அவர் விரல் திரைமேல் நின்றது. கண் கலங்கிவிட்டது.

"நீங்க சரியாச் சொல்லிருவீங்க சார். ஆனா பிளைட்ட விட்டு எறங்குற இன்னொருத்தர் தப்பாத்தான பாப்பாரு?"

என் எதிரிலேயே அந்த வீடியோவை அனுப்பினார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அவர் வேலை என்னவாயிற்றோ, தெரியாது. நானாக இருந்தால் அழித்திருப்பேன். அவருக்கு ஏன் கை வரவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.