சத்தம் போடாத அணி

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில், தறி ஓடுகிற தெருவுக்குள் புதிதாக நுழைகிறவர்கள், இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் சண்டைக்காரர்கள் என்றுதான் நினைப்பார்கள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடமும் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுவோம். அதே ஆட்கள் தறிக்கூடத்துக்குள் போய்விட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். பவர்லூம் போடுகிற சத்தத்தில் யார் கத்தி யாருக்குக் கேட்கும்? உதடு அசையும், கை பேசும். இரண்டு விரலை முறுக்கிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. இங்கே பிறக்கிற குழந்தை அப்பாவை நைனா என்று கூப்பிடுவதற்கு முன்னால் இந்தக் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டுவிடும்.

காஞ்சனாவும் அப்படி வளர்ந்தவள்தான். அப்பா நாகபூஷணம் கூலிக்குத் தறி ஓட்டி, ஒரே மகளைத் திருப்பதிக்கு டிகிரி படிக்க அனுப்பினார். அந்தக் கல்லூரி மைதானத்தில்தான் அவள் முதல்முதலாகப் பந்தை உதைத்தாள். ஆட்டம் அவளுக்கு வெறியாகப் பிடித்துக்கொண்டது. கல்லூரி அணியில் இடமும் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு மூச்சிரைப்பு முற்றியது. படிப்பை அரைகுறையாக விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அவர் நின்ற தறியிலேயே போய் நின்றாள். அவர் கண்ணை மூடிய மறு வருஷம் தறி மெக்கானிக் விஜயராகவனைக் கட்டிக்கொண்டாள். பந்தாட்டமெல்லாம் அதோடு சரி என்றுதான் ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவளை மறுபடி மைதானத்துக்கு இழுத்தது தெருப் பிள்ளைகள். தறியில் குறுக்கே ஓடி இழை போடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூலைச் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே என்று அதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடுவது இங்கே வழக்கம். முதலில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார். கொஞ்ச நாள் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் தார். அப்படி நின்றுபோன பிள்ளைகளை வீடு வீடாகப் பார்த்துக் காஞ்சனாவுக்கு வயிறு எரிந்தது. ஒரு பந்தை வாங்கிக்கொண்டு ரயில்வே கேட் பக்கத்துப் பொட்டலில் போய் நின்றாள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடம் போனால்தான் பந்து.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பெற்றவர்கள்தான் முறைத்தார்கள். அதிகமாக முறைத்தவர் முனிரத்தினம். வீட்டுக்குள்ளேயே தறி போட்டிருப்பவர், மஞ்சு என்கிற பெண்ணுக்குத் தகப்பன்.

"பொட்டப் புள்ள டவுசரு போட்டுக்கினு ஓடினா நாளைக்கு எவன் கட்டிக்கினு போவான்? அது கெடக்கட்டும், இங்க தாரு யாரு சுத்தறது?"

"நானு சுத்தறேண்ணா. சாயந்திரம் கொஞ்ச நேரம் பாப்பாவ உடு. அவ பங்கு தார நானு சுத்திக் குடுக்கறேன்," என்றாள் காஞ்சனா.

சும்மா சொல்லவில்லை, செய்தாள். மஞ்சுவுக்கு மட்டுமில்லை, விட மாட்டேன் என்ற வீட்டுக்கெல்லாம் அதே பதில்தான். தன் தறி வேலை முடிந்ததும் ஊரார் வீட்டுத் தாரை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். "ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் நீயே தாரு சுத்திக்கினு இருந்தா நம்ம வூட்டு அடுப்ப எவ பத்த வைப்பா?" என்று விஜயராகவன் கத்துவான். கத்திவிட்டு அவனே போய்ப் பற்றவைப்பான். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அணி தேறிவிட்டது. புத்தூரில் ஜெயித்தார்கள், சத்தியவேட்டில் ஜெயித்தார்கள். மற்ற அணிக் கோச்சுகள் கோட்டுக்கு வெளியே நின்று தெலுங்கில் காட்டுக் கத்தல் கத்துவார்கள். காஞ்சனா கத்தவே மாட்டாள். தறிக்கூடத்துக் கையை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு விரல் அசைந்தால் யஸ்வந்த் இடது பக்கம் ஓடுவான். கை மடங்கினால் தரணி பின்வாங்குவாள். கோல் காக்கிற குட்டிப் பெண் பிரித்திகா, பந்து வருவதற்கு முன்பே காஞ்சனாவின் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தயாராகிவிடுவாள். எதிர் அணிக்கு ஒரு இழவும் புரியாது. ஊமைப் படை என்று கேலி செய்தார்கள். தோற்றவர்கள் செய்கிற கேலிதானே என்று இவளுக்கு உள்ளூரப் பெருமை.

மஞ்சுதான் அவர்களில் மணி. பந்து அவள் காலுக்கு வந்தால் திரும்பப் போகாது. ஆடும்போது அடிக்கடி காஞ்சனாவைப் பார்ப்பாள். நடுவர் விசில் ஊதினால் காஞ்சனா பழக்க தோஷத்தில் உள்ளங்கையைக் கவிழ்ப்பாள், மஞ்சு நிற்பாள். "என் பொண்ணு கண்ணாலயே கேக்கறா பாரு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காஞ்சனா பீற்றிக்கொண்டாள். அதன் அர்த்தம் அவளுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருமுறை, "கூப்பிட்டா திரும்பறதே இல்லீங்க, ரொம்பத் திமிரு," என்று சொன்னபோது, "அன்பா கூப்ட்டுப் பாருங்க மேடம், திரும்புவா," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு முன்னால் ஒருமுறை மஞ்சுவுக்குக் காதில் சீழ் வடிந்தபோது அவள் அம்மா தாட்சாயணி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். சீழ் நின்றது. எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

திருப்பதியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் காஞ்சனாவுக்குத் தூக்கம் போயிற்று. அங்கே இடம் கிடைத்தால் தங்குகிற இடம், சாப்பாடு, பன்னிரண்டாவது வரை படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் வருகிற வருஷம் மஞ்சுவைத் தறியில் நிறுத்திவிடுவதாக முனிரத்தினம் சொல்லிக்கொண்டிருந்தார். தான் படிப்பைப் பாதியில் விட்டு வந்த ஊரில் இந்தப் பெண்ணாவது நிலைக்க வேண்டும் என்பதுதான் காஞ்சனாவின் ஒரே ஆசை. மஞ்சுவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ரேணிகுண்டா தாண்டும் வரை ஆட்டத்தைப் பற்றியே கையால் பேசிக்கொண்டு போனார்கள்.

தேர்வு நடந்த மைதானத்தில் கூட வந்தவர்களையெல்லாம் கேலரிக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. ஆட்டம் தொடங்கியது. மஞ்சு மூன்று பேரைத் தாண்டிப் பந்தை வலைக்குள் தள்ளினாள். கேலரியில் கை தட்டினார்கள். ஆனால் அவள் தள்ளுவதற்கு முன்பே விசில் ஊதியாகிவிட்டது, மற்றவர்கள் எல்லாம் நின்றுவிட்டிருந்தார்கள். ஆர்வக்கோளாறு என்று தேர்வாளர் சிரித்தார். மறுபடியும் அதே மாதிரி நடந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை விசில் ஊதியபோது, மற்றவர்கள் தயங்குவதைப் பார்த்து மஞ்சு பந்தோடு ஓடிக்கொண்டே தலையைத் தூக்கிக் கேலரி முழுக்கத் தேடினாள். தன்னைத் தேடுகிறாள் என்று காஞ்சனாவுக்குப் புரிந்தது. ஏன் தேடுகிறாள் என்பதும் அந்த நொடியில்தான் புரிந்தது. கையைத் தூக்கிவிடலாம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும், பெண் நின்றுவிடுவாள், இடம் கிடைத்துவிடும். கை பாதி எழும்பியது. விடுதியில் யார் இவளுக்குக் கை காட்டுவார்கள் என்று நினைத்ததும் அது மடியிலேயே விழுந்துவிட்டது.

ஆட்டம் நின்றிருந்த இடைவெளியில் மஞ்சு குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். தேர்வாளர் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பலமாக ஊதினார். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மஞ்சு நிதானமாக அடுத்த சாக்ஸை இழுத்தாள்.

அவர் கேலரி வரைக்கும் வந்து, "பாப்பாக்கு வினபடதாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். காது கேட்காதா என்று கேட்கிறார். ஆட்டம் அருமை என்றார், ஆனால் விடுதியில் இவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, எடுக்க முடியாது என்றார். காது கேளாதவர்களுக்குத் தனியாகப் போட்டிகள் உண்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அதனாலேயே அவரைத் திட்டிக்கூட மனசை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அங்கிருந்து நேராகக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒரு காதில் சீழ் புரையோடிச் சவ்வே இல்லை, இரண்டு காதிலும் நரம்பு தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். தொட்டிலிலிருந்தே தறிச் சத்தம். சீழ் வடிந்தபோதே வந்திருந்தால் ஒரு காதையாவது காப்பாற்றியிருக்கலாம். மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், அவ்வளவுதான்.

"வீட்ல ஒருத்தருக்குமா தெரியலை?" என்று கேட்டார்.

ஒருத்தருக்கும் தெரியவில்லை. எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசுகிற தெருவில் ஒரு பிள்ளைக்குக் காது போனால் எப்படித் தெரியும்?

திரும்பி வரும் பஸ்ஸில் மஞ்சு, இடம் கிடைத்ததா என்று கையால் கேட்டாள். காஞ்சனா இல்லை என்றாள். ஏன் என்று கேட்டபோது தன் காதைத் தொட்டுக் காட்டினாள். மஞ்சு, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, "எல்லாருக்கும் இப்பிடித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேங்கா," என்றாள். காஞ்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முனிரத்தினம் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். விஷயம் புரிந்ததும் அவர் தறியை நிறுத்திவிட்டார். "கூப்ட்டா திரும்ப மாட்டா. கொழுப்புன்னு நெனச்சி எத்தினி வாட்டி அட்ச்சிருக்கறேன் தெரியுமா?" என்றவர், தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தாட்சாயணி மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாயந்திரம் காஞ்சனா பொட்டலுக்குப் போனாள். போகாமல் இருந்துவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தாள். பந்தை வெளியே எடுக்கவில்லை. பிள்ளைகளை ரயில் பாதையைப் பார்த்தபடி வரிசையாக நிற்கச் சொன்னாள். மஞ்சுவை மட்டும் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பின்னால் தள்ளிப் போனாள். புது விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பேர் சொன்னால் திரும்பணும், அவ்வளவுதான்.

"யஸ்வந்த்!"

திரும்பினான்.

"தரணி!"

திரும்பினாள்.

"பிரித்திகா!"

அந்தக் குட்டிப் பெண் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காஞ்சனா இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட வாயைத் திறந்தாள்.

அதுவரை காஞ்சனாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த மஞ்சு பக்கத்திலிருந்து ஓடினாள். பிரித்திகாவின் தோளைத் தொட்டுத் திருப்பி, அக்கா கூப்பிடுகிறாள் என்று கையால் சொன்னாள்.