ஹாரன்தான் கொஞ்சம் கம்மி

மலையில் பிக்கப் ஓட்டுகிற பொம்பளை என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இறக்கத்தில் பயமாக இருக்காதா? எனக்கு இருந்ததில்லை. என்னிடம் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தது. இருந்தது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அதைத் தட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகைக்குழாய்க்குள் ஒரு மூடி சாத்திக்கொள்ளும். மூச்சடைத்த இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கால் பிரேக்கை வளைவுக்கு வளைவு லேசாகத் தொட்டால் போதும். அதை விட்டுவிட்டு இருபது வளைவுக்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரம் கொதித்து, கடைசியில் தேவைப்படும்போது பெடல் பொத்தென்று உள்ளே போகும். சுவிட்சை இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும், கியரையும் அங்கேயே குறைத்துவிட வேண்டும். மழை நாளில் காலி வண்டியில் மட்டும் அதைத் தொடக் கூடாது, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். இதையெல்லாம் சொன்னால் அண்ணன் சிரிப்பான். "அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு அம்மணி" என்பான்.

வண்டி எனக்கும் அவனுக்கும் பொது. ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். எங்கள் பக்கம் ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டினால், சாவியை வாய் மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது. கொடுக்கிறவர் வண்டியின் குறையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். சண்டை போட்டு முகம் பார்க்காத நாட்களில்கூட நாங்கள் அதை மட்டும் பேசியிருக்கிறோம்.

அது காப்பி பறிக்கும் காலம். தலைச்சோலையில் ஏற்றிய மூட்டைகளைச் சேலத்தில் இறக்க வேண்டும். என் மகளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்ததால் அவளையும் கூட்டிக்கொண்டேன். அண்ணியும் துணி எடுக்க எங்களோடு வருவதாகத்தான் முந்தின நாள் வரை பேச்சு. காலையில் பார்த்தால், "நான் பஸ்லயே வர்றனுங்க, நொம்ப தல சுத்துது" என்றாள். பிக்கப்பில் ஏறினால் மட்டும் சுற்றுகிற தலையா என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அண்ணன் சாவியை நீட்டினான்.

"ஹாரன்தான் கொஞ்சம் கம்மியா இருக்குது. மத்தபடி ஒண்ணுமில்ல."

ஏற்காடு தாண்டி இறக்கம் ஆரம்பிக்கும் முன்பு மூன்றாவது கியரில் வைத்துச் சுவிட்சைத் தட்டினேன். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. காலை எடுத்தேன். உறுமல் வரவில்லை. பாரம் பின்னாலிருந்து நெட்டித் தள்ள வண்டி ஓட ஆரம்பித்தது. மறுபடி தட்டினேன், விளக்கு ஒழுங்காக அணைந்து ஒழுங்காக எரிந்தது. பிரேக்கை மிதித்து மிதித்து நாலு வளைவு திரும்பினேன். அதற்குள் கருகிய நாற்றம். ஐந்தாவதில் பெடல் பாதி இறங்கியது. இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்தும் நிற்கவில்லை. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது வளைவுக்கு முன்னால், இனி இது திரும்பாது என்று தெரிந்தது. பள்ளத்துப் பக்கம் பார்க்கவே இல்லை. மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் உரசி உரசி, சாக்கடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மகள் வாயை டேஷ்போர்டில் இடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கொஞ்ச நேரம் அவளைக் கட்டிக்கொண்டு சும்மா அழுதேன்.

அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். புகைக்குழாய் மூடி சாத்தாமல் திறந்தே நிற்கும்படி அதன் நெம்புகோலைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தது. புதுக் கம்பி, பளபளவென்று. இரண்டு முறுக்கு முறுக்கி நுனியை உள்பக்கம் மடக்கி விட்டிருந்தது. தார்ப்பாய்க்கு அப்படிக் கட்டுகிற ஆள் எங்கள் வீட்டில் ஒருத்தன்தான். மூடி கரி பிடித்துப் பாதி சாத்தியபடி சிக்கியிருக்கும், ஏற்றத்தில் வண்டி இழுத்திருக்காது, மெக்கானிக்கிடம் விட்டால் நாலு நாள் ஓட்டம் போகும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் கட்டியிருப்பேனோ என்னவோ. ஆனால் சொல்லியிருப்பேன். சொன்னால் நான் பாரம் ஏற்ற மாட்டேன் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டான், பாவி.

அப்போதுதான் மேலிருந்து பஸ் வந்து நின்றது. அண்ணி ஓடி வந்தாள். மகளின் வாயைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ சாமி! அதுக்குத்தான் அவரு சொன்னாரா!"

"என்ன சொன்னான்?"

"நேத்தே சொன்னாருங்க, நீ அந்த வண்டியில போவாத, பஸ்ல போன்னு. கேட்டா தல சுத்துதுன்னு சொல்லிக்கன்னாரு. ஏன்னு எனக்குத் தெரியாதுங்க கண்ணு, என் புள்ளைங்க மேல சத்தியமா."

மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு விட்டிருப்பேன். அவன் மறக்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து யோசித்து, யார் பஸ்ஸில் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறான். காலையில் ஹாரனைப் பற்றி எனக்கு அக்கறையாகச் சொன்னான்.

சாயங்காலம் வந்தான். "ஒண்ணும் ஆகலயில்ல அம்மணி, நீ நல்லா ஓட்டறவ, சமாளிச்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றான். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கடைசியாக ஒன்று கேட்டேன்: "அண்ணிய எதுக்கு பஸ்ல அனுப்பினே?" செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கூடப் பிறந்தவன்.

மூடியை மாற்றி, பிரேக்கையெல்லாம் சரிசெய்து, வண்டி மறுபடி ஓடுகிறது. அதை விட்டால் இருவருக்கும் வேறு பிழைப்பு இல்லை. சாவி கொடுக்கும்போது அவன் இப்போது வைப்பர் முதல் டயர் வரை நீட்டி முழக்கி ஒப்பிக்கிறான். நான் காதில் வாங்குவதில்லை. டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்விடுகிறேன்.

போன வாரம் மகளை மறுபடி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. எல்லாம் பார்த்தாயிற்று, ஏறு கண்ணு என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமன் பக்கத்தில்தான் இருந்தான், அவனுக்கும் கேட்டது.

"அம்மா, அத்த இன்னிக்கு எதுல போறாங்க?"