ரெங்கம்மா போட்ட சாட்சிக் கையெழுத்து

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கும் ஜெயந்தினிக்கு அன்று பதுளையில் பதிவுத் திருமணம். காலையிலிருந்து அவளுக்கு ஒரே பயம். மாப்பிள்ளை சிவஞானம் தங்கமான ஆள்; அவனால் இல்லை. படிவத்தில் இருந்த ஓர் இங்கிலீஷ் வார்த்தையால்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் நப்ரீஸ். "ஸ்பின்ஸ்டர்னு போட்டிருக்கேன் அக்கா. கல்யாணமே ஆகாதவங்கனு அர்த்தம்."

"எனக்குத்தான் ஆகியிருக்கே தம்பி! ஒம்பது வருசம் குடும்பம் நடத்துனேனே!"

"கோயில்ல தாலி கட்டுனீங்க. பதிஞ்சீங்களா?"

பதியவில்லை. தோட்டத்தில் அப்போது யார் பதிந்தார்கள்? மாரியம்மன் முன்னால் ரமேஸ் தாலி கட்டினான், லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் சாப்பிட்டன, அவ்வளவுதான். குளவி கொட்டி அவன் செத்தபோது, மனைவி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நட்டஈட்டுக்கு அவள் அலையாத இடமில்லை.

"விதவைனு எழுதணும்னா பழைய கல்யாணச் சான்றிதழ் கேப்பாங்க. இது கெட்ட வார்த்தை இல்லக்கா. அந்தக் காலத்துல இங்கிலாந்துல நூல் நூக்குற பொம்பளைங்களுக்குச் சொன்னது. அதுல கல்யாணம் ஆகாதவங்க நெறைய. போகப் போக வேலையோட பேரே அவங்க பேராயிருச்சு."

நூல் நூற்றவளுக்கு ஒரு பேராவது மிஞ்சியது. ஒன்பது வருடம் ஆக்கிப் போட்டவளுக்கு அதுவும் இல்லை.

அவள் பயமெல்லாம் ரெங்கம்மாவை நினைத்துத்தான். ரமேஸின் தாய். மகன் போன பிறகும் மருமகளை விடாமல் தன் ஒற்றை அறைக் காம்பராவிலேயே வைத்துக்கொண்டவள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததும் அவள்தான். "இந்தத் தடவையாச்சும் எழுதிப்புடணும்" என்று சாட்சிக்கும் வந்து நின்றாள். அந்த வார்த்தையைப் பற்றி அவளிடம் ஜெயந்தினி சொல்லியிருக்கவில்லை. உங்கள் மகனோடு வாழவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பதிவாளர் படிவத்திலிருந்து நிமிர்ந்தார். "இதுக்கு முந்தி கல்யாணம் ஆகலதானே?"

ஜெயந்தினி ரெங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆகியிருக்கிறது என்றால் இன்று கல்யாணம் நின்றுவிடும். ஆகவில்லை என்றால் ரெங்கம்மாவின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"என்னம்மா யோசிக்கிறீங்க?" பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கூச்சப்படுதுங்க" என்றாள் ரெங்கம்மா. குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "ஆகலைங்க. எம்மக இதுவரைக்கும் யாருக்கும் கழுத்த நீட்டுனதில்ல."

சொல்லிவிட்டு, கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டாள்.