விற்பனைக்கு இல்லாத நிலத்திலிருந்து ஓர் அழைப்பு

அளவு நாடாவைக் கொண்டுபோனதுதான் நாங்கள் செய்த பிழை. ஆரம்பாக்கத்து வயல்வரப்பில் வெளியூர்ப் பெண்கள் இருவர் நாடா பிடித்து, முளை அடித்து, கயிறு கட்டினால் அங்கே அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: அடுத்த தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள். நாங்களோ வானொலி ஏரியலுக்குக் கம்பியின் நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

சுனாமிக்கு மறு ஆண்டு அது. என் தோழி திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னையில் வங்கி வேலைக்குப் போய்வருபவள்; பரீட்சை எழுதி, சொந்தக் கருவியில் தொலைவில் இருப்பவர்களோடு பேச அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கியவள். பேரிடர்க் காலத்தில் களத்துக்குப் போய்ச் செய்தி அனுப்ப அவளுடைய வானொலிச் சங்கம் ஒரு குழு அமைத்தது. எல்லாரும் ஆண்கள். அவளுக்குக் கிடைத்த பொறுப்பு, அவர்களுடைய பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்வது. தனக்கும் அதில் இடம் வேண்டும் என்று கேட்டபோது சங்கத்துப் பெரியவர், "களத்துல ஏரியல் யாரும்மா கட்டுவா?" என்று கனிவோடு கேட்டார். அந்தக் கனிவை அவளால் பொறுக்க முடியவில்லை. பெரியவர் ஒரு நிபந்தனை வைத்தார்: ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள், வெட்டவெளியிலிருந்து, பேட்டரியில், ஆண் கை எதுவும் படாமல் அவரை அழைத்துத் தெளிவாகப் பேசிவிட்டால் இடம் உண்டு.

அவள் வானொலிப் பெட்டியைச் சுமந்தாள்; நான் பேட்டரி தூக்கப் போனேன். கார் பேட்டரியைத் துணிக்கடைப் பையில் வைத்து, மேலே கொத்தமல்லிக் கட்டைப் பரப்பி, ரயிலில் மடியோரம் வைத்துக்கொண்டேன். எதிர் இருக்கைப் பெண்மணி கொத்தமல்லி விலை கேட்டார். தோழி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேப்பமரக் கிளைக்கு மேல் நூல் கட்டிய கல்லை எறிவது அவள் வேலை. ஆறாவது எறிதலில் கல் கிளையைத் தாண்டியது. முந்தைய ஐந்தில் ஒன்று என் டிபன் டப்பாவைத் தாண்டியிருந்தது. கம்பியை ஏற்றி, முனைகளை முளைகளில் கட்டி, பெட்டியோடு இணைத்து நிமிர்ந்தபோது, மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி நிலத்துக்குச் சொந்தக்கார அம்மாள் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, அளந்துக்கினு கீறீங்க? எந்தக் கம்பெனி?"

நான் மிக நிதானமாக, நாங்கள் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் அல்லோம் என்றும், இது வானொலி அலைகள் தொடர்பான ஒரு சோதனை என்றும் விளக்கினேன்.

"இவ்ளோ அழகா பேசுனா கண்டிப்பா கவர்மெண்டுதான்," என்றார் அவர். முளையைப் பிடுங்கக் குனிந்தார்.

"அம்மா, அம்மா!" என்று தோழி ஓடிவந்து, தன் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தாள். அவர் சற்று நேரம் கேட்டார்.

"இன்னாது, என் மோட்டாரு சத்தம் இதுல கேக்குது?"

அதுதான் எங்கள் அடுத்த இடி. வரப்புக் கோடியில் ஓடிய பம்புசெட் மோட்டாரின் கரகரப்பு வானொலியில் மற்ற எல்லாக் குரலையும் மூடியிருந்தது. மணி ஒன்பதே கால். பத்து நிமிடம் மோட்டாரை நிறுத்தும்படி தோழி கெஞ்சினாள்.

"பத்து மணிக்குக் கரண்டு பூடும். என் பயிருக்கு யாரு தண்ணி உடுவா, உன் ரேடியோவா?" அவர் ஏரியலை அண்ணாந்து பார்த்தார். "சரி. இதுல பேசுனா மெட்ராசுக்குக் கேக்குமா?"

"கேக்கும்மா."

"அப்ப இந்த நெலம் குடுக்குறதுக்கு இல்லன்னு சொல்லு. சொல்றேன்னா நிறுத்துறேன்."

உரிமம் இல்லாத பிறரின் செய்தியை அனுப்புவது விதிக்குப் புறம்பு என்று நான் தோழியின் காதோடு சொன்னேன். விதிமுறைப் புத்தகத்தை அவளுக்குப் பரீட்சைக்குப் படித்துக்காட்டியவள் நான்தான். "நீ சும்மா இருடி," என்றாள் அவள்.

மோட்டார் நின்றது. ஹெட்போனை உருவிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். இரண்டாம் அழைப்பிலேயே பெரியவர் கிடைத்தார். நிற்கும் இடத்தைச் சொல்லுமாறு வழக்கப்படி கேட்டார்.

"ஆரம்பாக்கம். வேப்பமரம் உள்ள நெல்வயல். விற்பனைக்கு இல்லாத நிலம். ஓவர்."

கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது அவர்கள் ஒழுங்கு. பெரியவர் ஒழுங்கு தவறாதவர். "ஆரம்பாக்கம், நெல்வயல், விற்பனைக்கு இல்லாத நிலம். குறித்துக்கொண்டேன். ஓவர்," என்றது அந்தக் கம்பீரமான குரல்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. "எழுதிக்கினாராம்!" என்று சொல்லி, தன் வேலை முடிந்தவராக வரப்பில் நடந்தார். பெரியவர், "உங்கள் ஒலி நன்றாக வருகிறது. குழுவைப் பற்றி..." என்று தொடங்கியபோது மோட்டார் மறுபடியும் உறுமியது.

தோழி மைக்கை என் மடியில் போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். பாதியில் வழுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்!"

"எத்தினி நிமிஷம்டீ உனக்கு? பேஜாரு புடிச்சவளே!" என்ற குரலோடு மோட்டார் நின்றது.

பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். "திரும்பச் சொல்கிறேன். குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறேன். கேட்டதா? கேட்டால் உறுதிப்படுத்துங்கள்." பின்பு, "பதில் இல்லையென்றால் தொடர்பு முழுமையாகாது, இன்னொரு ஞாயிறு பார்ப்போம்," என்றார்.

தோழி சேற்றிலிருந்து ஒரு காலை உருவ, மற்றது இறங்கியது. மணி ஒன்பது இருபத்தொன்பது. நூலகப் புத்தகத்தில் பென்சிலால்கூடக் கோடு போட்டதில்லை நான். உரிமம் இல்லாதவள் வாய் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. மைக்கின் பித்தானை அழுத்தி, அதன் முதுகில் நகத்தால் இரண்டு முறை தட்டினேன்; குரல் எட்டாதபோது 'கேட்டது' என்பதற்கு அதுதான் அவர்கள் குறி.

"இரண்டு தட்டு கிடைத்தது. அங்கே சிக்னல் பலவீனம் போலிருக்கிறது. உறுதி செய்துகொண்டேன். வணக்கம்."

தோழி சேறு வழிய வந்து நின்று மூச்சு வாங்கினாள். "என்னடி சொன்னார்?"

"சேர்த்துவிட்டாராம்."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் சேறாயிற்று. வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"பதில் யார் சொன்னது?"

"நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை," என்றேன், முழு உண்மையாக, டிபன் டப்பாவைத் திறந்தபடி.