ஹோலில் வளர்ந்த சுறா

சுறா என்று சொல்லித்தான் கடைக்காரர் அந்த மீனைத் தந்தார். அப்போது அது விரல் நீளம். உண்மையில் ஆற்றில் வாழும் கெளுத்தி இனம். முதுகுச் செட்டை மட்டும் சுறாவுக்கு இருப்பதுபோல நிமிர்ந்திருக்கும். லிங்கநகர் வீட்டு ஹோலில், டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தேன். இரண்டாம் வருசம் அது என் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. ஓரிடத்தில் நிற்காது. தீன் போட்டால் தண்ணீர் சுவரில் அடிக்கும். மனைவி சுவரைத் துடைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

அதற்கு இன்னொரு குணமும் இருந்தது. திடுக்கிட்டால் மயங்கி விழும். மல்லாந்து, செத்ததுபோல அடியில் கிடக்கும். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பி ஓடும்.

மனைவியின் தகப்பன் சல்லிக் கரையில் கடற்றொழில் செய்தவர். வீட்டில் சுறா வளர்க்கிறோம் என்று போனில் சொல்லியிருந்தேன். அதைப் பார்க்கவென்றே ஒருநாள் வந்து, தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இதுவோ தம்பி உங்கட சுறா?”

“ஓம் மாமா.”

“நாங்கள் பிடிச்ச சுறா இதைக் கண்டால் சிரிக்கும்” என்றபடி கண்ணாடியில் விரலால் தட்டினார்.

மீன் விழுந்தது.

மாமா எழும்பிவிட்டார். “நான் மெல்லமாத்தான் தட்டினனான்.”

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “பரவாயில்லை மாமா, அதுக்கு நெஞ்சு கொஞ்சம் பலவீனம்” என்றேன். தேத்தண்ணியோடு வந்த மனைவி மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பினாள். உள்ளே பைப்பைத் திறந்துவிட்டுச் சிரிப்பது எனக்குக் கேட்டது.

“எவ்வளவு மீனை வள்ளத்தில ஏத்தினனான். ஒண்டுக்கும் மனம் இப்பிடிக் கஷ்டப்படேல்லை” என்றார் மாமா.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அவர் சேட்டுக் கையை மடித்துவிட்டு, அதை வெளியே எடுக்கத் தொட்டிக்குள் கையை விட்டார். விரல் பட்டதுதான், மீன் துள்ளிக்கொண்டு எழும்பியது. அவர் முகம், சேட்டு, தேத்தண்ணி எல்லாவற்றிலும் தொட்டித் தண்ணீர்.

சொட்டச் சொட்ட நின்று என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியும், என்ன?”

“ஓம் மாமா.”

சாரத்து நுனியால் முகத்தைத் துடைத்தார். குசினிப் பக்கம் திரும்பி, “பிள்ளை, நீயும் கூட்டோ?” என்று கேட்டார். பைப் நின்றது.

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் ஒரு சின்னப் பையில் மீனுக்குக் கூனி இறால் கொண்டுவந்தார். “கறிக்கு மிஞ்சினது” என்பார். நாங்களும் நம்பியதாகவே காட்டிக்கொண்டோம்.

கடைசியில் அதற்குத் தொட்டியில் திரும்பவே இடமில்லாமல் போனது. கப்பல்துறையில் கூட்டாளி ஒருவனிடம் பெரிய சீமெந்துக் குளம் இருந்தது. ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மீனை விட்டு, ஆட்டோவில் கொண்டுபோனோம். பெட்டியை மடியில் வைத்திருந்தவர் மாமா; தண்ணீர் தளும்பி அவர் சாரத்தை நனைத்தது.

“என்ன மீன் ஐயா? கறிக்கோ?” என்றார் ஆட்டோக்காரர்.

“நீங்கள் ரோட்டைப் பாருங்கோ” என்றார் மாமா.

குளத்தில் விட்டதும் மீன் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைவரை நேராக ஓடியது. அது அப்படி ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. மாமா ஈரச் சாரத்தோடு அங்கேயே நின்றார். கூட்டாளி வந்து சாப்பிடக் கூப்பிட்டும் அவர் அசையவில்லை.