ஜன்னல் இருந்த சுவர்

அன்று இருந்தவர்கள் இவர்கள். வாத்தியார். கோயமுத்தூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த தோட்டத்துக்காரர். உள்ளே பிள்ளைகள் முப்பத்தொரு பேர். வெளியே ஜன்னலடியில் சேரிப் பிள்ளைகள் மூன்று பேர்: என் தம்பி, பக்கத்து வீட்டுப் பெண், நான். ஆஜர்ப் பட்டியலில் எல்லோரும் சேர்ந்து முப்பத்து நான்கு.

மதுக்கரைப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் சனம் சுண்ணாம்புக்கல் உடைத்தது. இரண்டாவது உலகச் சண்டைக்கு நாலைந்து வருஷம் முந்தி. எனக்கு ஒன்பது வயது. ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வருஷம். இந்தத் தடவையும் பாஸாகாவிட்டால் கல் சுமக்கத்தான் போக வேண்டும் என்று அப்பன் சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்தார். சர்க்கார் உத்தரவைச் சொல்லி உள்ளே கூப்பிடச் சொன்னார். தோட்டத்துக்காரர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கதவோரம் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னை எழுப்பிப் பதினாறாம் வாய்பாடு கேட்டார். தப்பில்லாமல் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். கரும்பலகையில் ஒரு வரி எழுதினார்.

"படி அம்மணி."

நின்றேன். கரும்பலகையை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். எங்கள் ஜன்னல் இருந்த அதே சுவரில்தான் அது மாட்டியிருந்தது. மூன்று வருஷமும் எங்களுக்குச் சத்தம் வந்தது, எழுத்து வரவில்லை. வாத்தியார் எங்கள் சிலேட்டைத் தொடமாட்டார், எழுதியும் தரமாட்டார்.

"இதுகளுக்குக் காது மட்டுந்தானுங்க, கண்ணு இல்லீங்க" என்றார் வாத்தியார். பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு நோட்டில் எழுதினார். ஜன்னலடியிலிருந்து பலகை தெரிந்ததா என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பன் கேட்டார்.

"பாசாயிட்டயா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அவர் திட்டவில்லை. மூலையில் இருந்த சின்னக் கூடையை எடுத்துத் தூசி தட்டினார்.

திங்கட்கிழமை காலை தலையில் கூடையோடு அந்த வழியாகத்தான் போனேன். தம்பியும் அந்தப் பெண்ணும் ஜன்னலடியில் இருந்தார்கள். உள்ளே வாத்தியார் ஆஜர் எடுத்து முடித்து, எப்போதும் போலக் கூட்டுத்தொகையைச் சத்தமாகச் சொன்னார்.

முப்பத்து மூன்று.